மழையோ வெயிலோ, ஒரு நாள் வெளியே!
விவசாயக் குடும்பங்களுக்கான உலாத் திட்டம்

கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நாற்றுக்கும் களைக்கும் அரசு விடுமுறை கிடையாது. அதனால்தான் விவசாயக் குடும்பங்களில், 'எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் எங்கேயாவது போய் வரலாம்' என்ற பேச்சு பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வரும்போது வயலில் வேலை குவிந்திருக்கும். வேலை குறையும்போது மழை பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் வெயில்.

இதில் இரண்டு வகையான நட்டம் உண்டு. ஒன்று, போகாமலே இருப்பது. வருடம் முழுக்க அடுப்படி, தொழுவம், வயல் என்று சுற்றிவரும் பெண்களுக்கு ஒரு நாள் ஓய்வுகூட இல்லாமல் போகிறது. பிள்ளைகளோ, தங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஆறு, ஏரி, மலையையும் பார்க்காமலே வளர்ந்து, முதல் வேலையோடு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது நட்டம் இன்னும் பெரியது. வானத்தைப் பார்க்காமல் கிளம்பி, ஆற்றிலும் அருவியிலும் இடியிலும் மாட்டிக்கொள்வது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தவர்கள் அலறி ஓடிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது.

இந்த இரண்டு நட்டத்தையும் தவிர்க்க வழி இருக்கிறது. விதைப்புக்குத் திட்டமிடுவது போலவே உலாவுக்கும் திட்டமிட வேண்டும். நாளை மட்டும் முடிவு செய்துவிட்டு வானத்தை வேண்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ஒரே நாளுக்கு இரண்டு இடங்களை வைத்துக்கொள்ள வேண்டும்: வானம் வெளுத்திருந்தால் ஓர் இடம், மழை வந்தால் கூரையுள்ள மற்றோர் இடம். எது என்பதை முந்தின நாள் மாலையில் முடிவு செய்தால் போதும். பிள்ளைகளுக்கும் ஏமாற்றம் இருக்காது.

நாள் குறிப்பது வயலைப் பார்த்து

முதலில் பயிரைப் பார்த்து இடைவெளி கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் கை ஓயும் நாட்கள் சில உண்டு.

நெல்லில், நட்ட பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டிய பிறகு, களை எடுக்கும் வேலை தொடங்குவதற்கு முன் சில நாட்கள் கிடைக்கும். அறுவடைக்கு ஏறக்குறைய 10 நாட்களுக்கு முன் வயலில் தண்ணீரை வடித்துவிடுவோம். கதிர் அறுக்கும் இயந்திரம் வரும்வரை அதுவும் ஓர் இடைவெளிதான்.

நிலக்கடலையில், 40 முதல் 45 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைத்த பிறகு செடியைத் தொந்தரவு செய்யக் கூடாது. விழுதுகள் மண்ணில் இறங்கும் நேரம் அது. அந்தச் சமயத்தில் குடும்பம் வயலைவிட்டு ஒரு நாள் தள்ளியிருப்பது பயிருக்கும் நல்லது.

மல்லிகைத் தோட்டக்காரர்கள்தான் பாவம். பூப்பறிப்பு நாட்களில் விடியற்காலையே தோட்டத்தில் நிற்க வேண்டும். ஆனால் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து உரம் வைத்த பிறகு அடுத்த மொட்டு வரும்வரை அவர்களுக்கு நீண்ட ஓய்வு. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குக் கூடு அறுத்து, மனையைக் கிருமிநீக்கம் செய்து, அடுத்த தொகுதிப் புழு வரும்வரை இடைவெளி உண்டு. மானாவாரிக்காரர்களுக்கோ தை அறுவடை முடிந்தால் கோடை உழவுவரை நிலம் காத்திருக்கும்.

மருந்து அடித்த நாளும் அதற்கு அடுத்த நாளும் உலா வேண்டாம். சொந்தத் தோட்டத்திலேயே சாப்பிடப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மருந்து அடித்த கொய்யாவையும் கத்தரிப் பிஞ்சையும் பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் வைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது அடித்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கொண்டுவந்த வண்டியிலோ சாக்கிலோ கட்டுச்சோற்றை வைக்கவே கூடாது.

மாட்டை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பாதிப் பயணங்கள் நடப்பதில்லை. பதில் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இந்த மாதம் அவர்கள் போகும்போது இவர்கள் பார்ப்பது, அடுத்த மாதம் இவர்கள் போகும்போது அவர்கள் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டால் யாருக்கும் கடன் இல்லை.

2 கறவை மாடு உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலை 5 மணிக்குக் கறந்து, 6 மணிக்குச் சொசைட்டியில் பால் ஊற்றி, 6.30-க்குக் கிளம்பலாம். மாலைக் கறவை 4.30 என்றால் 4 மணிக்கு வீடு திரும்ப வேண்டும். இடையில் இருப்பது ஒன்பதரை மணி நேரம். போக ஒன்றரை, வர ஒன்றரை போனால் ஆறரை மணி நேரம் கையில் இருக்கிறது. அதாவது 40, 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடம் எதுவானாலும் மாற்று ஆளே இல்லாமல் போய் வந்துவிடலாம். அதற்கு மேல் தூரம் என்றால்தான் பக்கத்து வீட்டு உதவி தேவை.

கிளம்பும் முன் தொட்டியை நிரப்ப வேண்டும். வெயில் நாளில் கறவை மாடு ஒன்று 60 லிட்டர், அதற்கு மேலும் தண்ணீர் குடிக்கும். நிழல் நகரும் என்பதை நினைவில் வைத்துக் கட்ட வேண்டும். காலையில் நிழலாக இருக்கும் இடம் மதியம் 1 மணிக்கு வெயிலாகிவிடும். இடி மின்னல் வாய்ப்பு இருந்தால் தனி மரத்தடியில் கட்டாமல் கொட்டகையில் கட்டுவது நல்லது. கால்நடைக்கு அவசரம் என்றால் கூப்பிட வேண்டிய 1962 என்ற எண்ணைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வைக்கலாம்.

முந்தின நாள் மாலை: வானிலை பார்க்கும் முறை

எறும்பு முட்டையோடு மேட்டுக்கு ஏறுவது, தும்பி தாழப் பறப்பது, அந்தியில் ஈசல் புறப்படுவது என்று நம் முன்னோர் வைத்திருந்த அடையாளங்கள் காற்றின் ஈரத்தைச் சொல்கின்றன. அவற்றோடு இன்று கையில் இருக்கும் செல்போனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை நான்கு நிறத்தில் வருகிறது. பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. உலாவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. பச்சையில் எங்கும் போகலாம். மஞ்சளில் ஆறு, அருவி, மலை தவிர்த்து, கூரையுள்ள இடத்துக்குப் போகலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் வீட்டில் இருப்பதே உலா.

மழை அளவுக்கும் பெயர் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை. ஆகவே சனிக்கிழமைக்கான எச்சரிக்கை ஞாயிறு காலை 8.30 வரை செல்லும். ஞாயிறு விடியற்காலையில் கிளம்புபவர்கள் சனிக்கிழமை அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

'மேகதூத்' செயலியில் அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பநிலை, காற்று விவரமும், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பயிர் ஆலோசனையும் வருகின்றன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். போகும் இடத்தில் சிக்னல் இருக்காது என்பதால் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது முக்கியம். செல்போன் வசதி இல்லாதவர்கள் வானொலி மாநிலச் செய்தியைக் கேட்டாலே போதும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் பேசி, ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்களா, பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

பங்குனி முதல் வைகாசி வரை: விடியலும் அந்தியும்

கோடையில் உலா என்றால் மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வெயில் ஏறும் முன் முடித்துவிட்டால் சொந்த ஊரே போதும். விடியற்காலை 5.30-க்குக் கிளம்பி 10 மணிக்குள் திரும்புவது ஒரு வகை. மாலை 4 மணிக்குப் போய் நிலவு வெளிச்சத்தில் கண்மாய்க் கரையில் சாப்பிட்டுத் திரும்புவது இன்னொரு வகை. பௌர்ணமியை ஒட்டி நாள் வைத்தால் விளக்குக்கூட வேண்டாம்.

கோடைக்கென்றே உள்ள தின்பண்டங்களைத் தேடிப் போவதே பிள்ளைகளுக்குப் பெரிய உலா. பனங்காட்டில் நுங்கு வெட்டிச் சாப்பிடுவது, கொடுக்காப்புளி பறிப்பது, பனையேறுபவரிடம் காலைப் பதநீர் வாங்கிக் குடிப்பது எல்லாம் இந்த மூன்று மாதங்களில்தான். சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். சேற்றில் இறங்கி ஊத்தாவைப் போட்டு மீன் பிடிக்கும் சந்தோஷத்தை எந்தப் பூங்காவும் தராது. சிறு பிள்ளைகளைக் கரையில் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டும்.

மே மாதத்தில் வரும் அக்னி நட்சத்திர நாட்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வெளியில் இருப்பதைத் தவிர்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, மயக்கம் வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் உடலைத் துடைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சமக் கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். கரண்டி என்பது டீ ஸ்பூன் அளவு. பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

காய்ந்த புல் நிறைந்த மலைப்பகுதிக்கு இந்த மாதங்களில் போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ சூழ்ந்து, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புல்வெளியில் தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். மனிதன் ஏறி ஓடி அதை முந்த முடியாது. வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக விரும்புபவர்கள், 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதால், சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கோடை இடி: எண்ணிப் பார்த்தால் தெரியும்

சித்திரை, வைகாசி மாலைகளில் திடீரென்று கறுத்து இடியோடு கொட்டும் மழை நமக்குத் தெரிந்ததே. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கண்ணாடி ஏற்றிய காரும் பேருந்தும் பாதுகாப்பானவை. டிராக்டரும் இரு சக்கர வண்டியும் பாதுகாப்பு தராது. தனிப் பனை, தனி ஆலமரம், கம்பி வேலி, மின்கம்பம், குளத்துத் தண்ணீர் எல்லாம் ஆபத்து. ஒதுங்க இடமே இல்லாத வெட்டவெளியில், கூட்டமாக நிற்காமல் தள்ளித் தள்ளி, கால்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்கார வேண்டும். படுக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

ஆடி, ஆவணி: தண்ணீர் வரும் காலம்

தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அதிக மழை தருவதில்லை. ஆனால் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பெய்யும் மழை ஆறாகவும் அருவியாகவும் நம்மிடம் வருகிறது. இங்கே வானம் வெளுத்திருக்கும், ஆற்றில் வெள்ளம் போகும். இந்தக் காலத்தின் ஆபத்தும் அழகும் அதுதான்.

ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும் ஆடிப்பெருக்கு, குடும்ப உலாவுக்கென்றே முன்னோர் வைத்த நாள். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று கலந்த சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது காவிரிக் கரையில் இன்றும் நடக்கிறது. கல்லணைக்குப் போகும் குடும்பங்கள், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தங்கள் வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து, எந்த மதகு வழியாக வருகிறது என்பதைப் பாடப் புத்தகத்தைவிட அந்த இடம் நன்றாகச் சொல்லும்.

ஆற்றுக்குப் போகும் முன் மேட்டூர் செய்தியைப் பார்க்க வேண்டும். அணையின் முழு உயரம் 120 அடி. அது நிரம்பி உபரிநீர் திறந்தால் இரண்டு மூன்று நாளில் அந்தத் தண்ணீர் டெல்டாவை எட்டும். உபரி பெரும்பாலும் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் விடப்படும். அந்த நாட்களில் கொள்ளிடத்தில் கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது. ஒகேனக்கல்லிலும் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார்கள். தடை என்றால் வேறு துறை பார்த்து இறங்குவது அல்ல, திரும்பி வருவது.

ஆறு பார்க்க அமைதியாக இருந்தாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் உள்ளே இருக்கும். முழங்கால் ஆழத்தில் நின்ற பிள்ளை அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் போய்விடும். படிக்கட்டில் பாசி வழுக்கும். ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் குதித்துக் காப்பாற்றப் போவதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன. கயிறு, சேலை, வேட்டி, நீளக் கழி எதையாவது நீட்ட வேண்டும். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன் ஒன்று மிதவையாக ஒரு ஆளைத் தாங்கும். ஆற்றுக்குப் போகும்போது கயிறு கட்டிய கேனை எடுத்துப் போவது செலவில்லாத காப்பு.

அருவியில் அடையாளம் பார்க்கத் தெரிய வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கூடினால், கீழே ஒரு தூறல்கூட இல்லாவிட்டாலும் மலைமேல் மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். செருப்பைத் தேடாமல், துணியை எடுக்காமல், உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: கூரைக்குக் கீழே ஓர் உலா

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை. அடைமழைக் காலத்தில் உலாவா என்று கேட்கலாம். தொடர்ந்து பெய்து ஓய்ந்த பின் இரண்டு மூன்று நாள் வெறிச்சோடும் இடைவெளி இந்தக் காலத்தில் பல தடவை வரும். அதற்காகக் கூரையுள்ள இடங்களின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் வைத்திருக்கலாம்.

சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் விவசாயக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய ஒன்று. பழங்கால உறைகிணறும், பானைகளும், மாடு, எருமை, ஆடு வளர்த்ததற்கான எலும்புச் சான்றுகளும் கிடைத்த ஊர் அது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உள்ள பூச்சி அருங்காட்சியகம் நம் நாட்டில் பூச்சிகளுக்கென்றே அமைக்கப்பட்ட முதல் அருங்காட்சியகம். நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று பெரியவர்களும் அங்கே தெரிந்துகொள்ளலாம். தஞ்சாவூர் அரண்மனை, மதுரை திருமலை நாயக்கர் மகால், கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை ஆகியவையும் மழைக்கு ஏற்றவை. பத்மநாபபுரத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மற்ற இடங்களின் விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தை மறந்துவிடக் கூடாது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு போனால் காளான் குடில், தேனீப் பெட்டி, மண்புழு உரத் தொட்டி எல்லாம் பார்க்கலாம். வீட்டுப் பெண்களுக்கு அதிலிருந்தே ஒரு வருமான வழி தோன்றலாம்.

மழைக்கால உலாவுக்கு மூன்று எச்சரிக்கைகள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தை நடந்தோ வண்டியிலோ கடக்கக் கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். பொந்தில் தண்ணீர் புகுந்து பாம்பு வெளியே வரும் காலம் இது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மார்கழி, தை, மாசி: பறவைகள் வந்திருக்கும்

வெளியே போக வருடத்திலேயே ஏற்ற காலம் இது. மழை ஓய்ந்து, ஏரி நிறைந்து, வெயில் இதமாக இருக்கும். சம்பா அறுவடையைப் பார்த்து நாள் வைத்துக்கொண்டால் போதும்.

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரிக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவைகள் வருகின்றன. அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருவதற்கு விவசாயக் காரணமும் உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமாகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும், சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடியிலும் பறவைகள் மிரளும் என்பதால் ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. தங்களைப் போன்ற விவசாயிகள் இப்படி ஓர் ஏரியைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நேரில் பார்ப்பது நல்லது. காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 6 பார்க்க ஏற்ற நேரம். மழை பொய்த்து ஏரி வறண்ட வருடத்தில் பறவைகள் வராது. போகும் முன் விசாரிக்க வேண்டும்.

காணும் பொங்கலன்று எல்லா ஊரும் ஒரே இடத்துக்குத்தான் போகும். கூட்டத்தில் பிள்ளைகள் தவறிப்போவது அன்று அதிகம். ஒரு துண்டுச் சீட்டில் செல்போன் எண் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வைக்க வேண்டும். முடிந்தால் அதற்கு அடுத்த வாரம் போவது இன்னும் நல்லது. பனிமூட்டத்தில் விடியற்காலை வண்டி ஓட்டுவதைத் தவிர்த்து, வெயில் வந்தபின் கிளம்பலாம். பனங்கிழங்கு அவித்து எடுத்துப் போனால் வழியில் வேறு தின்பண்டமே வேண்டாம்.

செலவும் சோறும்

கட்டுச்சோறு, தண்ணீர், பேருந்து. இந்த மூன்றும் சரியாக இருந்தால் செலவு கையைக் கடிக்காது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து போகும் தூரத்தில் உள்ள இடமாகப் பார்த்தால் குடும்பச் செலவில் பாதி குறையும்.

வீட்டுப் பெண்கள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு உலாவுக்கு வந்தால் அது அவர்களுக்கு உலா ஆகாது, இடம் மாறிய வேலைதான். புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்து வைக்கலாம். ஆண்கள் தேங்காய் துருவலாம், பாத்திரம் கழுவலாம், தூக்குச் சட்டிகளைச் சுமக்கலாம். வெயில் நாளில் தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் சீக்கிரம் கெட்டுவிடும். புளிசாதமும் எள்ளுப்பொடிச் சாதமும் தாங்கும்.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பாக்கெட், டார்ச், கயிறு, துண்டு, மழைக்கு ஒரு தார்ப்பாய், மாத்திரை சாப்பிடுபவர்களின் மாத்திரை, குப்பை போட ஒரு சாக்கு. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மேய்ச்சல் மாடு பிளாஸ்டிக் பையைத் தின்றால் என்ன ஆகும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: மழை வரும் என்று அறிவிக்கிறார்கள். நம்பிப் பயணத்தை நிறுத்தினால் ஒரு சொட்டுகூட விழுவதில்லை. அறிவிப்பை எப்படி நம்புவது?

பதில்: அறிவிப்பில் உள்ள சொற்களைக் கவனிக்க வேண்டும். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு இடங்களுக்கு மேல் மழை இருக்காது. 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி இடங்கள் வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் நான்கில் மூன்று பங்குக்கு மேல். முதல் வகை அறிவிப்புக்குப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். 'பெரும்பாலான' என்று வந்தால் தள்ளிப் போடுவதே சரி.

கேள்வி: மாலைக் கறவையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்கிறதே?

பதில்: புது ஆள், புதுக் கை என்றால் மாடு மிரண்டு பாலை அடக்கும். பயணத்துக்கு முன் மூன்று நான்கு நாட்கள் அவரையும் கூட வைத்துக்கொண்டு கறக்கவிட்டால் பழகிவிடும். வழக்கமாக வைக்கும் தீவனத்தையே, வழக்கமான நேரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கறவை அரை மணி, ஒரு மணி முன்பின் ஆனால் பாதகமில்லை. ஒரு வேளை கறக்காமல் விடுவதுதான் தவறு. மடிநோய்க்கு அது இடம் கொடுக்கும்.

கேள்வி: சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து லோடு வண்டியில் போனால் செலவு குறையும். போகலாமா?

பதில்: கூடாது. சரக்கு ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் அப்படிச் சும்மா ஏறிச் சென்றவர்களுக்குச் சரக்கு வண்டியின் காப்பீடு பொருந்தாது. டிராக்டர் டிரெய்லருக்கும் இதே நிலைதான். நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் வேன் வாடகை ஆளுக்குப் பெரிதாக வராது. அதுவும் முடியாவிட்டால் பேருந்து போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

காலண்டரில் நான்கு நாள்

வருடத்துக்கு நான்கு நாள் போதும். கோடையில் ஒன்று, ஆடியில் ஒன்று, மழை இடைவெளியில் ஒன்று, தையில் ஒன்று. வீட்டுக் காலண்டரில் இப்போதே குறித்து, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு இடங்களின் பெயரைப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒரு முறை தாத்தா பாட்டிக்கும், ஒரு முறை வீட்டுப் பெண்களுக்கும், ஒரு முறை பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அந்த நாளில் மழை வந்தால் இரண்டாவது இடம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் அடுத்த வாரம். போகாமல் விடுவது மட்டும் கணக்கில் இல்லை.